எதிலும் இணைக்கப்படாத மூன்று சுவிட்சுகள்

ஈயம் பற்றவைக்கும் சோல்டர் புகை மூக்கில் ஏறினால் எனக்கு உன் முகம்தான் வந்து நிற்கிறது. இந்த வாரம் முழுக்க வந்தது. பாசத்தோடு என்று நினைத்துவிடாதே. உக்குவளையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் சிவப்புக் கிட்டார் குப்புறக் கிடந்தது. பின்மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். உயிரோடு இருந்தவரை நீ யாரையும் தொட விடாத கிட்டார்.

போன வாரம் உன் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே உன் மகள். "அண்ணே, இவ இத வாசிக்கணும்ங்கிறா. ஆனா பாரம் தாங்கல, தோள் வலிக்குதுன்னு சொல்றா. வேண்டாத சாமானெல்லாம் கழட்டிட்டு, பழையபடி ஆக்கித் தாங்க" என்றார். வேண்டாத சாமான்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நீ ஆயுள் முழுக்கத் தேடித் தேடிப் பூட்டியதற்கு உன் வீட்டில் கிடைத்த பெயர் அதுதான்.

நீ கை வைக்கும்வரை அது நல்ல கிட்டார். மாத்தளையில் நம் குழு கல்யாண வீடுகளுக்கு வாசிக்கத் தொடங்கியபோது அதில் கம்பியின் அதிர்வை வாங்கும் இரண்டு பிக்கப்பும் ஒரு சுவிட்சும்தான் இருந்தன. சுத்தமான, கூச்சமில்லாத ஒலி. பிறகு உனக்கு அந்த நோய் பிடித்தது. தங்க நிறப் பிக்கப் வந்தது. தங்க நிற முறுக்காணிகள் வந்தன. கம்பிகளைத் தாங்கும் அசையும் பிரிட்ஜ் ஒன்றைப் பொருத்துவதற்காக நீ உளியை வைத்து மரத்தையே தோண்டினாய். நாங்கள் பாட்டைப் பழகிக்கொண்டிருப்போம். நீ மூலையில் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பாய். கேட்டால், "சவுண்டு கையில இல்லடா, சாமான்ல இருக்கு" என்பாய். வேதம் ஓதுகிற தோரணை வேறு.

கடைசியில் அந்த மூன்று சுவிட்சுகள். மேடையில் தனி வாசிப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டுவாய். "கேட்டியா? இப்ப வேற மாதிரி இருக்குல்ல?" நம் பாடகர் தலையாட்டுவார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்காது. என் காதில்தான் குறை என்று சில காலம் நம்பியும் இருக்கிறேன். இந்த வாரம்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்றிலும் ஒரு வயர்கூட இல்லை. வெறுமனே துளை போட்டுச் செருகி வைத்திருக்கிறாய். செத்த வீட்டில் உன்னை மலைநாட்டின் கிட்டார் சக்கரவர்த்தி என்று ஒருவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். அவரைக் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

இதையெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். யட்டவத்த ஊரில் நடந்த கல்யாணத்தை அப்படி விட முடியாது.

பாட்டின் நடுவில் உன் கிட்டார் ஊமையாகிவிட்டது. நீ எல்லாச் சுவிட்சையும் தட்டினாய். ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஒலியமைப்பைக் கவனித்துவந்த ரிஸ்வான் ஓடி வந்தான். நீ மைக்கிலேயே கத்தினாய்: "இவன் கொண்டாந்த வயரப் பாருங்க! குப்பை! இவன நம்பி மேடை ஏறினா இதுதான் கதி!" சிங்களத்திலும் ஒருமுறை சொன்னாய், ஒருவருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்று.

நான் அதே வயரை என் பேஸ் கிட்டாரில் செருகினேன். நன்றாகக் கேட்டது. "வயர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஒன் கிட்டார்ல" என்றேன்.

"நீ பேஸ் அடிக்கிறவன். ஒனக்கு என்னா தெரியும்?"

ரிஸ்வான் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். மேடையை விட்டு இறங்கி நடந்தான். நானும் என் பேஸை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். அதன்பிறகு உன்னோடு நான் மேடை ஏறியதில்லை.

மூடியைத் திறந்த அன்று அதையும் பார்த்தேன். வயர் செருகும் இடத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போய், பிறகு அதன் மேலேயே மறுபடி பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு சொட்டுப் போதுமான இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஈயம். உன் கைவேலை எனக்குத் தெரியாதா? ஆக, பிறகு நீயே திறந்து பார்த்திருக்கிறாய். தவறு யாருடையது என்று தெரிந்துகொண்டிருக்கிறாய். சரிசெய்து மூடியும் விட்டாய். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரிஸ்வானின் ஃபோன் கடைக்குப் போய்க் காட்டினேன். அவன் சிரித்தான். "அது எனக்கு அண்டைக்கே வெளங்கிச்சு மச்சான். அவன் இந்தக் கடைக்கு ரெண்டு மூணு தரம் வந்தானே, ஒனக்குத் தெரியாதா?"

"வந்தானா? என்னா சொன்னான்?"

"ஒண்டும் சொல்லல்ல. நிண்டு நிண்டு ஃபோன் கவர் பாப்பான். என்னடா வேணும்னு கேட்டா, ஒரு கவர வாங்கிட்டுப் போயிருவான். இருக்கிற ஒரு ஃபோனுக்கு எத்தன கவர்தான் போடுறது? பாவம்டா அவன்."

ரிஸ்வானுக்குப் பெரிய மனசு. எனக்கு அது கிடையாது. ஊரே கேட்க மைக்கில் அவமானப்படுத்தத் தெரிந்த வாய்க்கு, ஆளில்லாத கடையில் ஒரு 'மன்னிச்சுக்கடா' வரவில்லை. கவர் வாங்கினாயாம், கவர்.

எல்லாவற்றையும் கழற்றினேன். துளைகளில் மரத்துண்டு வைத்து ஒட்டித் தேய்த்தேன். நீ தோண்டிய பள்ளத்தையும் அடைத்தேன். ஓசை மறுபடி நிமிர்ந்து நின்றது. நேற்றுப் பின்னேரம் உன் மகள் வந்தாள். தோளில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அப்பா நெசமாவே பெரிய வாசிப்புக்காரரா? இல்ல, செத்த வீட்டுல சும்மா சொன்னாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. இதே வீட்டில் ஒரு மழை நாளில் நாம் பழகிக்கொண்டிருந்ததை அவளுக்குச் சொன்னேன். கரண்ட் போய்விட்டது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் செத்துவிட்டது. நீ சும்மா உட்காரப் பொறுக்காமல் வெறும் கம்பியில் தாளம் தட்டத் தொடங்கினாய். ஒருவர் பின் ஒருவராக நாங்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் கேட்டோம். உன் வலது கை அப்படி ஒரு கை. கரண்ட் வந்ததும் நீ செய்த முதல் வேலை, குனிந்து திருகிகளைத் திருகியது. உன்னிடம் இருந்த ஒரே நல்ல சாமானை நீதான் நம்பவில்லை. உன் மேல் எனக்குள்ள இளக்காரத்தில் பாதி அதனால்தான்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். நானும் பேஸை எடுத்தேன். என் விரல் கம்பியில் இறங்காமல் ஒரு கணம் தயங்கி நின்றது. உன் கை முதலில் விழட்டும் என்று காத்திருந்த பழைய பழக்கம். யாரோடு வாசித்தாலும், நீ இல்லாத இத்தனை மேடைகளிலும், இது என்னை விடவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காத்திருக்கிறேன்.