கன்னியம்மா அக்காவின் உமரிக் கீரை அடை

என் ஆசை அக்கா கன்னியம்மாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல், எல்லாரும் படிக்கிற இடத்தில் இதை எழுதி வைக்கிறேன். உனக்குப் படிக்க வராது. அங்கே யாராவது படித்துக் காட்டினால் கேட்டுக்கொள்.

போன வாரம் ஒரு மத்தியானம் என் மகள் வசந்தா டிவியைப் போட்டாள். இப்போதெல்லாம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் யாராவது சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தர்பூசணித் தோலில் கூட்டு செய்கிறார்கள். ஒருத்தர் செம்பருத்திப் பூவில் ரசம் வைத்தார். அன்றைக்கு வந்தவன் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட பையன், பெரிய ஓட்டல் சமையல்காரனாம். கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து இடுக்கியால் எதையோ பச்சையாக எடுத்து, வறுத்த மீன்மேல் மூன்றே மூன்று கொத்து வைத்தான். "இதுல இயற்கையாவே உப்பு இருக்கு. தமிழ்நாட்டுச் சமையலுக்கே இது புதுசு" என்றான்.

உமரிக் கீரை, அக்கா! நீ எண்ணூர்க் கழிமுகத்தில் முழங்கால் சேற்றில் நின்று முந்தானை நிறையப் பறித்து வருவாயே, அதே உமரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா சிரிக்கிற?" என்றாள் வசந்தா. பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்குமா? ராயபுரத்தில் நம் அத்தையின் ஓட்டு வீட்டில் நீ மூத்த மருமகள், நான் இளையவள். உன் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையை அந்த வருஷம்தான் மூடினார்கள். ரேஷன் கடையில் அரிசியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு மைலோ என்று ஒரு சிவப்புச் சோளத்தை அளந்து போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதை இறக்கிய உன் வீட்டுக்காரரே, "கல்லு மாதிரி கீதும்மே இது, மன்சன் துன்றதா?" என்று கேட்டார்.

நாம் அதை அரிசி மாதிரியே உலையில் போட்டோம். வேகவே இல்லை. வெந்த மட்டும் தின்றவர்களுக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போனது. ஒன்றரை வயது வசந்தாவுக்கு நான்கு நாள் நிற்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் என் மடியில் கிடந்தவள், கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன்.

நீ வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய். "அயாத பட்டு. நீ அய்தா கொயந்தைக்கு இன்னா வரப்போவுது? அடுப்ப மூட்டு" என்றாய். அதற்கு இரண்டு நாள் முன்பே யாருக்கும் சொல்லாமல் மைலோவை வெந்நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, உமியைப் புடைத்து எடுத்து மாவாக்கி வைத்திருந்தாய். முதல் நாள் கரைத்துவைத்த மாவு புளித்திருந்தது. ஒரு கை நொய்யைப் போட்டுக் கூழாகக் காய்ச்சி, தண்ணீராகக் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தாய். பத்துப் பதினைந்து தடவை துப்பினாள். அப்புறம் உன் விரலைச் சப்பினாள். சாயங்காலம் பசிக்கு அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை, அக்கா.

பிறகுதான் உமரி வந்தது. வீட்டில் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளில் நீ ரயிலேறி எண்ணூர் போய், உன் அம்மா வீட்டுக்குப் பின்னால் கழிமுகத்தில் பறித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தாய். அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டது. "கயிவெளில மொளச்ச கஸ்மாலத்தல்லாம் என் வூட்டு அடுப்புல ஏத்தாத. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" நீ வாசலிலேயே மூன்று கல் வைத்தாய். உமரியை வேகவைத்து உப்புத் தண்ணீரை வடித்துப் பிழிந்தாய். மைலோ மாவில் அதைச் சேர்த்து, வெங்காயமும் வறுத்த சென்னாக்கூனியும் போட்டு, உப்பே போடாமல் அடையாகத் தட்டினாய். சின்ன இறால் வறுபடும் அந்த வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. மூன்றாவது அடையை அத்தைதான் கேட்டு வாங்கித் தின்றது. ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சமயத்தில்தான் மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மைலோவை எப்படிச் சமைப்பது என்று சர்க்காரிலிருந்து ஒரு அம்மா வந்து செய்து காட்டப் போவதாகத் தமுக்கடித்தார்கள். நாமும் போனோம். மேஜைமேல் வெள்ளைத் துணி, மண்ணெண்ணெய் அடுப்பு, கிண்ணம் கிண்ணமாக அளந்து வைத்த சாமான்கள், எதிரே மைக். இன்றைக்கு டிவியில் பார்ப்பதெல்லாம் அன்றைக்கே அங்கே இருந்தது. கண்ணாடி போட்ட அந்த அம்மா, காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே மைலோவில் பாலை ஊற்றினார். சர்க்கரை போட்டார். கடைசியில் உலர்ந்த திராட்சையைத் தூவினார்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். "பாலும் திராட்சையும் கீற வூட்டுக்கு மைலோ இன்னாத்துக்கும்மா?"

பந்தலே சிரித்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு கூச்சலானது. "எங்க புள்ளைங்க பேதில சாவுது, நீ பாயசம் காட்டறியா?" என்று யாரோ கத்தினார்கள். முன்வரிசை மேஜைப் பக்கம் நெருக்கியது. அந்த அம்மா ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். உங்கள்ல யாருக்காவது வேற விதமா செய்யத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்குத் தெரியும்!" என்று நான்தான் கத்தினேன். நீ என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

உன்னை மேலே தள்ளிக்கொண்டு போனேன். மடியில் உமரிக் கட்டு இருந்தது, அன்று காலையில்தான் எண்ணூரிலிருந்து வந்திருந்தாய். வீட்டுக்கு ஓடி மாவும் சென்னாக்கூனியும் எடுத்துவந்தேன். அந்த அம்மா கீரையை முகர்ந்து பார்த்து, "இதை மாடுகூடத் தின்னாதே?" என்றார். நீ தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "மாட்டுக்கு வேற புல்லு கீதும்மா. எங்களுக்கு வேற இன்னா கீது?"

அவர் அடுப்பை உன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மைக்கைப் பார்த்ததும் உனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீ பேசு பட்டு, நான் செய்றேன்" என்றாய். நீ தட்டினாய், நான் பேசினேன். ஊறவைப்பது, புடைப்பது, புளிக்கவைப்பது, உமரியை வடிப்பது, எல்லாவற்றையும் நானே பத்து வருஷமாகச் செய்துவந்த மாதிரி சொன்னேன். முதல் அடையைப் பிய்த்து அந்த அம்மாவே வாயில் போட்டுக்கொண்டார். உடனே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் உட்கார்ந்தது.

முடிந்ததும் ஒரு குமாஸ்தா நோட்டோடு வந்தார். இந்தப் பக்கத்து ஊர்களில் செய்துகாட்ட உள்ளூரிலேயே ஒரு ஆள் வேண்டும், மாதச் சம்பளம் என்றார். "இத யாரும்மா கண்டுபுடிச்சது? எழுதப் படிக்கத் தெரியுமா?"

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். "பட்டம்மா. நாலாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

நீ பக்கத்தில் நின்று தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை. "உட்றீ. எய்த்து தெரிஞ்சவளுக்குத்தான குடுப்பான். யாரு பேரா இருந்தா இன்னா, நம்ம வூட்டுக்குத்தான சம்பளம் வருது" என்றாய்.

மூன்று மாதம் நீயும் என்னோடு சர்க்கார் வேனில் வந்தாய். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று எங்கே போனாலும் கை உன்னுடையது, வாய் என்னுடையது. பிறகு அத்தை விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது. ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். நீ இருந்துகொண்டாய். என் வசந்தாவுக்கும் உன் சேகருக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டினாய். நான் மேடை மேடையாகப் போனேன். மைலோ நின்றுபோன பிறகும் என்னைச் சத்துணவு சொல்லிக்கொடுக்கும் வேலையில் நிரந்தரமாக்கினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியபோது அந்த வேலைதான் என்னைத் தாங்கியது. வசந்தா டீச்சரானது அதில்தான். இன்றைக்கு நான் வாங்கும் பென்ஷன் அதில்தான். மைலோவுக்குப் பதில் அரிசி மாவில் தட்டினாலும், நம் தெருவில் அந்த அடைக்கே 'பட்டம்மா அடை' என்று பெயர் வந்துவிட்டது. பண்டிகைக்குப் பண்டிகை யாராவது, "இன்னா பட்டம்மா, நீதான் இத கண்டுபுடிச்சியாமே?" என்று கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். நீ கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாய்.

ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு வெட்கப்பட்டேன். அதற்கும் பிறகு, காலம் கடந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயோ கடைசிவரை எனக்கு முதல் அடையைத்தான் போட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சேகர் வந்திருந்தான். அவனுக்கும் இப்போது தலையெல்லாம் நரை. அவனையும் வசந்தாவையும் எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், நோட்டு, நான் சொன்ன பதில், எதையும் விடவில்லை. வசந்தா, "இத்தனை வருஷம் எனக்கே சொல்லலையேம்மா" என்று ஒன்றுதான் கேட்டாள்.

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும் சின்னம்மா" என்றான்.

"யாருடா சொன்னது?"

"அம்மாதான். நான் எட்டாவது படிக்கசொல்லோ ஒரு நாளு கேட்டேன், நீதான அடை செய்ற, தெருவுல ஏன் சின்னம்மா பேர சொல்றாங்கன்னு. அப்பத்தான் அல்லாத்தையும் சொன்னாங்க. நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்னு கெளம்பினேன். வாயப் பொத்திட்டாங்க. 'வாணாண்டா. நாலு பேரு முன்னாடி அவ தல குனியக் கூடாது. அவளே ஒரு நாளு சொல்லுவா. அவ சொன்னப்பறம் நீ சொல்லிக்க'ன்னாங்க."

"நான் சொல்லாமலே செத்துப்போயிருந்தா?"

"அதையும் கேட்டேன் சின்னம்மா. 'சொல்லுவாடா, எனக்கு பட்டுவத் தெரியும்'னாங்க."

அக்கா, பெற்றவர்கள்கூட என்னை அப்படி நம்பியதில்லை. நீ நம்பியது மாதிரியே நான் சொல்லிவிட்டேன். ஆனால் நீ கேட்க இருக்கும்போது சொல்லவில்லை. ஐந்து மாதம் முந்தியிருக்கக் கூடாதா? அந்த ஒரு குறையைத் தவிர, உன்னை நினைக்கிறபோதெல்லாம் என் மனசில் நன்றிதான் நிறைந்து நிற்கிறது. என் மகள் மூச்சு விடுகிறாள். நான் என் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டேன். ஒருவர் முன்னாலும் கை நீட்டவில்லை. இது எல்லாம் நீ.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அடையைத் தட்டுகிற வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், பாதிப்பேருக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். நாளையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போகிறேன். முட்டி வலிக்கிறது, பரவாயில்லை, வசந்தா கூட வருகிறாள். வாசலில் உட்கார்ந்து, "அது என் பேர் இல்ல, கன்னியம்மான்னு ஒருத்தி பேரு" என்று என் வாயாலேயே சொல்வேன். அன்றைக்கு மைக் முன்னால் உனக்காகப் பேசிய அதே வாய்தான், அக்கா. இந்தத் தடவை சரியாகப் பேசும்.

ஒரே வீட்டுக்கு வாழ வந்து, உன்னால் வாழ்ந்த,
உன் ஓரகத்தி, உன் தங்கச்சி,
பட்டு