ஆடாமல் வந்த கோப்பை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் வலியும் முன்கோபமும்கூடக் குறைவில்லாமல் இருக்கின்றன. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், தங்கைக்கு மூன்று பக்கம் புத்திமதி எழுதும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே. கல்லூரி முதல்வரிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு வேலையைப் பார் என்று எழுதியிருந்தாயாம். அப்பா போனில் சொன்னதை வைத்து நீ எழுதிவிட்டாய், அவரோ அன்றைக்கு மைதானத்துப் பக்கமே வரவில்லை. நான் போயிருந்தேன், அதனால் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் ரக்பி செவன்ஸ் போட்டி. பக்கத்துக்கு ஏழு பேர், ஏழு நிமிடம் ஓடி, கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி ஏழு நிமிடம், அவ்வளவுதான் ஆட்டம். அதற்கு முன்னால் பேச்சு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கோப்பை வாங்கிக் கொடுத்த சிமெண்ட் வியாபாரிதான் சிறப்பு விருந்தினர். பந்து ஏன் உருண்டையாக இல்லை என்று மைக்கிலேயே கேட்டார், முதல்வர் அதற்கும் கைதட்டினார். பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்க, இந்தப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் நிழல், மின்விசிறி, பழச்சாறு.

இறுதி ஆட்டத்தில் எதிரணி ஒரு சின்னக் கல்லூரி. மாற்று ஆளே இல்லாமல் வந்தவர்கள், அரையிறுதியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி ஆறு பேராகிவிட்டார்கள். ஆறு பேராகவே ஆடுகிறோம் என்றுதான் அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். நம் விளையாட்டு மாஸ்டர் முதல்வரின் காதைக் கடித்தார், முதல்வர் வியாபாரியின் காதைக் கடித்தார், விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம், அதனால் எதிரணிக்கு ஆள் போதவில்லை, நம் கல்லூரிக்கே வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள். கேப்டன் உன் தங்கைதானே, அவள் கையில் கோப்பையைக் கொடுத்து போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். இவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு மைக்குப் பக்கம் போனாள்.

"ஆடாம எப்படி சார் வாங்கிக்கிறது? எங்க பக்கமும் ஒருத்தர் உட்கார்ந்துக்கிறோம். ஆறுக்கு ஆறு ஆடிடலாம்."

வியாபாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினார், அவர் பின்னாலேயே பாதிக் கூட்டமும் போட்டோக்காரரும் கிளம்பிவிட்டார்கள். நடுவர் நல்ல மனிதர், விசிலை ஊதிவிட்டார். உட்கார்ந்தது யார் தெரியுமா, இவளேதான். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் புல்தரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். கடைசி நிமிடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தாள். நம்மவர்கள் தோற்றார்கள்.

வெற்றிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்திருக்கும், அதில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாளே மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லாவிட்டால் அணியில் இடமில்லை என்று முதல்வர் சொல்ல, இவள் மாட்டேன் என்று சொல்ல, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டில் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லையா என்று கேட்டார் அந்தப் படித்தவர்.

"ஆடினாத்தான் ஜெயிக்க முடியும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன் சார். அது தப்புன்னா எழுதிக் கொடுங்க, மாத்திச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வாரமே, இவள் இல்லாமல் ஆடமாட்டோம் என்று மற்றப் பெண்கள் எல்லோரும் ஜெர்சிகளை அவர் மேசைமேல் கொண்டுபோய்ப் போட்டார்கள், துவைக்காமல். அறை நாறிவிட்டதாம். அடுத்த போட்டிக்கு அனுப்ப அணியே இல்லை என்றதும் நேற்று மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பயிற்சிக்கு வந்தால் போதும் என்றார். உன் அப்பா உடனே, என் பெண்ணைப் பற்றி எனக்கு அப்பவே தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நெஞ்சு இவ்வளவு நாள் எங்கே போயிருந்ததோ. இன்று காலை அவள் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, நல்ல புத்தியோடு நீடூழி வாழ். தங்கையிடம் பேசும்போது அறிவுரையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேள். நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் இன்னும் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா