இருபத்தாறு மூக்குக்கண்ணாடிகள்

பிப்ரவரி 3
நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகு, இனி ஒத்திகைக்குப் பென்சில் கொண்டுபோவதில்லை என்று இன்று காலை தீர்மானித்தேன். நாற்பது ஆண்டுகள் சட்டைப்பையில் இருந்ததை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். "சரி, காப்பி ஆறுது" என்றாள்.

காரணம்: இசைத்தாளே வைத்துக்கொள்ளாதவனுக்குப் பென்சில் எதற்கு? பியானோவையும் நானே வாசித்து, இசைக்குழுவையும் நானே நடத்துகிறேன். மூடி கழற்றிய பியானோவின் முன், சபைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கை ஓய்ந்திருந்தால் கையாலும் இல்லாவிட்டால் தலையாலும் சைகை. எல்லாம் மனப்பாடம். குழுவில் முப்பத்து நான்கு பேர். அவர்கள் பார்க்கவேண்டிய தலை ஒன்றுதான்.

பிப்ரவரி 6
நிர்வாகச் செயலாளர் நடைவழியில் நிறுத்தி, உடம்பு எப்படி என்று கேட்டார். பதினோரு ஆண்டுகளில் கேட்டதில்லை. ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது. மார்ச் கச்சேரியைப் பார்த்துவிட்டுத்தான் புதுப்பிப்பார்களாம். யார் என்ன சொல்லிவைத்தார்கள்?

பிப்ரவரி 9
யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

ஒத்திகையில், மார்ச் கச்சேரிக்கான படைப்பின் மூன்றாம் பகுதி நடுவில் தலையை நிமிர்த்தினேன். முப்பத்து மூன்று பேரும் முப்பத்து நான்காமவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வயலின். என் மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

பிப்ரவரி 10
சோதனை செய்தேன். மூன்றாம் பகுதியில் வேண்டுமென்றே தலையைத் தாமதமாக அசைத்தேன். குழு சரியான நேரத்தில் தொடங்கியது. எனக்கும் கூரை மின்விசிறிக்கும் வித்தியாசம், அது சுற்றினால் காற்றாவது வருகிறது.

பிப்ரவரி 12
மதியச் சாப்பாட்டுக்கு மைத்துனன் வந்தான். நான் சமையலறைக்குள் நுழைந்ததும் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"உங்க சட்டையில பொத்தான் போயிடுச்சுன்னு."

எண்ணிப் பார்த்தேன். ஏழும் இருந்தன.

சாப்பிடும்போது அவன் ஆரம்பித்தான். "அத்தான், மூணாவது பகுதிக்கு மட்டும் தாளை எதிர்ல வெச்சுக்கலாமே."

"எதுக்கு?"

"சும்மா, ஒரு அழகுக்கு."

"அழகுக்குத்தான் நீ இருக்கியே."

"தாளை வெச்சா கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் மனைவி.

ரசம் கேட்பதுபோல் கையை நீட்டி அவன் முகத்தைக் கவனித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தேர்ந்த ஆள்.

பிப்ரவரி 15
இசைத்தாள்களைப் பராமரிக்கும் அம்மாள் சாப்பிடப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்தேன். இருபத்தாறு பிரதிகள்; வயலின்காரர்களுக்கு இருவருக்கு ஒன்று. இருபத்தாறிலும், மூன்றாம் பகுதியின் இருநூற்றுப் பதினான்காம் தாளக் கட்டத்துக்கு மேல், பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி. எங்கள் தொழிலில் அதற்கு "இங்கே நிமிர்ந்து நடத்துநரைப் பார்" என்று பொருள். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொற்கள்: "வில்லைப் பார்."

வயலின் வில்லைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் வில் கிடையாது.

கொம்பு ஊதுபவர் கண்ணாடிக்குக் கீழே மீசையும் வரைந்திருந்தார். அது யாருடைய மீசை என்று எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிடும் மீசை.

பிப்ரவரி 16
எல்லாவற்றையும் அழிக்கும்படி இசைத்தாள் அம்மாளுக்கு உத்தரவிட்டேன்.

"எல்லாத்தையுமா சார்?"

"ஒரு புள்ளி இருக்கக்கூடாது."

"ஒருதடவ யோசிச்சுக்குங்க சார்."

இந்த அம்மாளுமா?

பிப்ரவரி 20
ஒத்திகைக்கு முன் அறிவித்தேன்: இனி எல்லோரும் என்னைத்தான் பார்க்கவேண்டும். மைத்துனனிடம் தனியாக: "வில்லைத் தூக்காதே." "சரி அத்தான்."

முப்பத்து நான்கு ஜோடிக் கண்களும் என் மேல். இரண்டு பகுதிகள் தேன். மூன்றாம் பகுதியில், இருநூற்றுப் பதினான்கில், எல்லாம் சரிந்தது. நான் ஓரிடம், அவர்கள் ஓரிடம். கொம்பு மட்டும் பொறுமையாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"யார் செஞ்சது?" என்று கேட்டேன்.

மைத்துனன் வில்லைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நான்தான் அத்தான். தப்பு என்னோடது."

ஒப்புக்கொண்டுவிட்டான். இவ்வளவு சுலபமாகவா?

பிப்ரவரி 21
காலையில் அவனை நீக்கச் சொல்லிச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன், இரண்டு பிரதி. சாட்சியத்துக்காக ஒத்திகைப் பதிவை வாங்கி, தாளை எதிரே வைத்துக் கேட்டேன்.

அந்த இடத்தில் ஒரே மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை ஒரு கதவு வழியாக வெளியேற வேண்டும், இரண்டாம் முறை வேறு கதவு. நான் முதல் முறையே இரண்டாம் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறேன். எட்டுக் கட்டங்களைக் காணோம். குழு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இதே படைப்பின் பழைய கச்சேரிப் பதிவுகளையும் போட்டேன். ஏழில் ஐந்தில் நான் தாவுகிறேன். தாவியதும் ஒரு வயலின் மட்டும் சற்று உரக்க ஓர் இழுப்பு இழுக்கிறது. அடுத்த அடியில் அத்தனை பேரும் எட்டுக் கட்டம் தாண்டி என் பக்கத்தில் நிற்கிறார்கள். விமர்சகர் ஒருவர் அதைத் "துணிச்சலான வேகம்" என்று எழுதியிருந்தார். கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

எனக்கு மட்டும் தெரியல. கொம்பு ஊதறவருக்குத் தெரியும், எனக்குத் தெரியல.

மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா முதல்ல அவனைத்தான் தூக்கியிருப்பீங்க."

கடிதம் மேசை மேல், அவள் கைக்கு அருகில்தான் இருந்தது. அவள் அதன் மேல் காப்பியை வைத்தாள்.

பிப்ரவரி 22
கடிதத்தின் இரண்டு பிரதிகளையும் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். இருபத்தாறு கண்ணாடிகள், இருபத்தாறு "வில்லைப் பார்". அந்த அம்மாள் இரண்டு முறை பென்சிலைச் சீவிக் கொடுத்தாள்.

"கொம்புக்காரருக்குக் கொஞ்சம் பெருசாப் போடுங்க சார், அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

பெரிதாகப் போட்டேன். மீசையும் வைத்தேன்.

மார்ச் 11
கச்சேரி. மூன்றாம் பகுதி எட்டுக் கட்டம் குறைவு. நீண்ட கைதட்டல்.

ஏப்ரல் 2
ஒப்பந்தம் வந்தது, நான் கேட்டிருந்தபடி. பியானோ: நான். நடத்துநர்: மைத்துனன். கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 5
பென்சிலால் போட்ட கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.