விளக்கு அணைவதற்குள்

அன்புள்ள பேத்திக்கு, பாட்டி ஆசியோடு எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே என் முழங்காலுக்கு மட்டும் என்மேல் கோபம் தீரவில்லை. போனில் பேசினால் உன் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்; என் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர்களை நான் இன்னும் பொறுக்கவில்லை.

உன் அப்பா நம் மரக்கடை ஏணியிலிருந்து விழுந்து உயிரை விட்டது கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. பெரியப்பா, "கால் தவறிட்டான், அதப் போய் எதுக்கும்மா பாக்கணும்" என்றான். பெற்றவள் பார்க்க வேண்டாமா? கேமராப் பெட்டியில் சில நாளுக்கொரு முறை பழைய படத்தை அழித்துத்தான் புதுப்படம் ஏறுமாம். அதற்குள் கேமரா மெக்கானிக்கை வரவழைத்து, கடைக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் குச்சியைச் செருகி ஏற்றச் சொன்னேன்.

திரையில் முடிந்தது என்று வந்தது. குச்சியின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. உன் கல்யாணப் படங்களை ஏற்றித் தந்தபோது நீதானே சொன்னாய், "திரை சொல்றத நம்பாத பாட்டி. கம்ப்யூட்டர் வாங்கிக் கையில வச்சுக்கிட்டு குச்சியில மெல்லத்தான் எழுதும். விளக்கு அணைஞ்சப்புறம் உருவு" என்று. நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா வந்து, "அதான் முடிஞ்சிடுச்சே" என்று வெடுக்கெனப் பிடுங்கிவிட்டான்.

மறுபடி செருகினால், கோளாறு, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. சம்மதிக்காமல், அதில் வேறெதையும் ஏற்றாமல் வைத்திருந்தால் பாதியாவது மீட்கலாம் என்றான் மெக்கானிக். கேமராப் பெட்டியில் இப்போது அந்த நாள் படமும் அழிந்துவிட்டது.

பெரியப்பா தினமும், "குடுங்கம்மா, ஃபார்மட் பண்ணா சரியாயிடும்" என்று தேன் ஒழுகக் கேட்கிறான். சிறு வயதில், தம்பி மேலே நிற்கும்போதே ஏணியை உருவியவன் அவன். "வெளையாட்டுக்கும்மா" என்றான். உன் அப்பா நெற்றித் தழும்பு அதுதான். நான் மறப்பேனா?

நேற்று உன் கல்யாணப் படக் குச்சியைக் கொடுத்து ஏமாற்றினேன். போட்டுப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. இன்று காலை என் அறைப் பரணில் அந்தக் கடை ஏணி சாத்தியிருக்கிறது. பெட்டிகளெல்லாம் கலைந்து கிடக்கின்றன. என்னிடம், "சாப்டீங்களாம்மா" என்று மட்டும் கேட்டான்.

அசல் குச்சியைத் துணியில் தைத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மெக்கானிக் தபாலில் சேர்ப்பான். கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் வேண்டாம் என்றே அமுக்கு. விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுத்து மீட்டுப் பார். பார்த்தபிறகு இங்கே தனியாக வராதே.

நீ தீர்க்காயுசாக இரு, கண்ணே. பாட்டிக்குக் கால் தவறிவிட்டது என்று போன் வந்தால் நம்பாதே. நான் ஏணி ஏறி நாற்பது வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்