இந்த வருஷத்து வாக்குத்தத்தம்

டிசம்பர் 9, திங்கள்

கோத்தகிரி அச்சகத்திலிருந்து போன். புத்தாண்டுக்கு வாக்குத்தத்தச் சீட்டு எப்போது அடிக்கத் தரப்போகிறோம் என்று கேட்டார்கள். ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆயருடைய மனைவி எதற்கும் சொல்லக்கூடிய பதில் அதுதானே.

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பனி விலகவே இல்லை. துணியெல்லாம் சமையலறைக் கயிற்றில். இனி எதை உடுத்தினாலும் தாளிப்பு வாசம்தான்.

டிசம்பர் 11

ஏன் பதில் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன?

புத்தாண்டுக் காலையில் வீட்டுக்கு ஒருவராக முன்னால் வந்து தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார்கள். எந்த வசனம் வருகிறதோ, அது அந்த வீட்டுக்குக் கடவுள் அந்த வருஷம் கொடுத்த வாக்கு. ஆராதனையில் பாதி தூங்குகிறவர்கள்கூட அதற்கு மட்டும் விழித்துக்கொள்வார்கள்.

போன ஜனவரியில், எங்கள் சபையிலிருந்த ஜோதிமணி சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வீட்டை எந்தத் தீங்கும் அணுகாது என்ற வசனம். "பாருங்கம்மா, எங்க ஊட்டுக்குன்னே வந்திருக்குது" என்றாள். சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள்.

நவம்பர் மழையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. அவள் கணவர் கருணாகரன் தேயிலை பேக்டரியில் ஷிப்டில் இருந்தார். அவள் உள்ளே இருந்தாள். மண்ணை அள்ளியவர்களோடு இவரும் நின்றார். சமையலறைச் சுவர் மட்டும் விழவில்லை. சீட்டு அப்படியே இருந்ததாம். நனையக்கூட இல்லையாம்.

அவளுடைய அடக்க ஆராதனையை இவர்தான் நடத்தினார், ஒரு வார்த்தை தவறாமல். அதன் பிறகு வீட்டில் ஜெபம் நின்றுபோனது. கோயிலில் புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறார். வீட்டுக்கு வந்தால் வாய் திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் 14

வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கீத பவனி. கேத்தி வரை போய்வந்தோம். தொண்டை கட்டிவிட்டது.

டிசம்பர் 18

எங்கள் வீட்டில் சபைக் கமிட்டி. டீ கொடுக்கப் போனவள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

இந்த வருஷம் சீட்டு கிடையாது என்று இவர் சொல்லிவிட்டார். செயலாளர் விஜயபாஸ்கர் கோபக்காரர் இல்லை. நாற்பது வயதுக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவர். அவர் மனைவியின் பழைய சீட்டுகள் எல்லாம் இன்றும் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"வருஷம் பூராவும் பிடிச்சுக்கறதுக்கு ஏழை சனங்களுக்கு அது ஒண்ணுதானுங்கய்யா இருக்குது. அதையும் புடுங்கீட்டா எப்புடிங்க?"

"சொவத்துல இருந்த சீட்ட நான் பாத்தனுங்க" என்றார் இவர்.

முடிவு எடுக்காமலே கலைந்தார்கள். டீ ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

டிசம்பர் 19

சண்டை. கத்தியது நான்தான். உங்களுக்கு மட்டுமா துக்கம், எனக்கில்லையா, சபையில் இத்தனை வீடு இருக்கிறது, அவர்களை யார் பார்ப்பது என்றெல்லாம். இவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியில் சொன்னார்: "வசனம் கடவுளோடது, ஷைனா. ஆனா இந்த வருஷம், இந்த வீட்டுக்குன்னு சொல்லித் தட்டை நீட்டுனது நான். அவர் சொல்லாததை அவர் சொன்னதா சொல்லிட்டேன்."

அப்போ நான் மட்டும் என்ன செய்ய? கேக்குக்கு உலர்பழம் ஊறவைக்கணும், பிள்ளைகளோட நாடகத்துக்குச் சிறகு தைக்கணும், எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசணும். எனக்கும்தான் முடியல. யார்கிட்டச் சொல்ல?

டிசம்பர் 25

கோயில் நிறைய ஆட்கள். கருணாகரன் வரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

அரவேணுவுக்குப் பஸ்ஸில் போனேன். கருணாகரன் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். கேக் கொண்டுபோனேன். அவர் முன்னால் அந்த டப்பாவை நீட்டவே வெட்கமாக இருந்தது.

இவர் அங்கே அடிக்கடி போகிறார் என்பது போன பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைக்கு, அச்சகத்துக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் இங்கேதான். வந்து உட்காருவாராம். ஒன்றும் பேசமாட்டாராம். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாராம்.

"வேற யாரு வந்தாலும் ஏதாச்சும் சொல்லுவாங்கம்மா. கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும்பாங்க. ஐயா ஒருத்தருதான் ஒண்ணுமே சொல்லலீங்க. அது நல்லா இருந்துச்சு."

சீட்டு நிறுத்தப்போவது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குச் சீட்டு வேண்டாமுங்க. வந்தாலும் எடுக்கமாட்டேன். ஆனா என்னால நிறுத்தாதீங்க. நிறுத்துனா, அவ ஏமாந்துபோயிட்டான்னு ஆயிருமுங்க. அவ நம்புனா. நம்பித்தான் அந்த ஊட்டுல இருந்தா. அது தப்புன்னு மட்டும் யாரும் சொல்லிராதீங்கம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

டிசம்பர் 28

இவரிடம் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். காட்டெருமை மிதித்துப்போட்ட பீன்ஸ் கொடிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டே இருந்தார்.

உள்ளே வந்து, "அச்சகத்துல இனிமே முடியாதில்ல?" என்று கேட்டார்.

முடியாது. கையால்தான் எழுத வேண்டும்.

டிசம்பர் 30

எழுதி முடித்தேன். விரல் வீங்கியிருக்கிறது. அந்த வசனம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். விட்டுவிடலாமா? இவரைக் கேட்டால் பாரத்தை அவர் தலையில் வைத்ததாகும். கேட்கவில்லை. எழுதினேன். ஜோதிமணிக்காகத்தான் எழுதினேனா, பிடிவாதத்திலா, தெரியவில்லை.

டிசம்பர் 31

காட்டெருமைக்குப் பயந்து வருஷக் கடைசி ஆராதனையைச் சாயங்காலமே வைத்துவிட்டோம். சாட்சி சொல்லும் நேரத்தில் வழக்கம்போல் பலர் எழுந்தார்கள். மகனுக்கு வேலை, மகளுக்குக் குழந்தை. ராக்கம்மா எழுந்து, "இந்த வருசம் எதுக்கு நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குத்தான் எனக்கு ஆமென் சொல்லத் தோன்றியது. சொன்னேன்.

ஜனவரி 1, புதன்

கருணாகரன் வந்தார். கடைசி பெஞ்சு, கதவோரம். திரும்பிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் சிரமப்பட்டார்கள்.

இவருடைய பிரசங்கம் சின்னது. எழுதி வைத்ததைப் புரட்டவே இல்லை. போன வருஷம் இதே இடத்தில் நின்று தட்டை நீட்டியபோது, இனி மழை வராது என்பதுபோல் நீட்டிவிட்டதாகச் சொன்னார். அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

"இந்த வருஷம் நல்லா இருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. எனக்குத் தெரியாது. மழையிலயும் மண்ணுக்குள்ளயும் அவர் நம்மள விட்டுப் போகமாட்டார்னு நம்பறேன். சில நாள் அதுவும் முடியறதில்ல. அன்னைக்கு எனக்காக நீங்க நம்புங்க."

விஜயபாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டு போனது. எல்லோரும் எடுத்தார்கள், வழக்கமான சலசலப்பு இல்லாமல். அந்த வசனம் யார் கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. கருணாகரன் எடுக்கவில்லை. ஆனால் திருவிருந்து எடுக்க முன்னால் வந்து முழங்காலிட்டார். இவர் அப்பத்தை அவர் கையில் வைத்தார்.

மதியம் இருவரும் தூங்கிவிட்டோம். புது வருஷம் பிறந்த மாதிரியே இல்லை. அதே பனி.

ஜனவரி 3

மீந்த கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் இனிப்பு வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் கருணாகரன் வந்தார், பேக்டரிக்குப் போகிற வழியில். இன்றிலிருந்து திரும்ப வேலை. டீ வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை.

"ஒரு வார்த்த ஜெபிச்சு அனுப்புங்கய்யா."

இவர் எழுந்து நின்றார். நான் கரண்டியைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றேன். கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆண்டவரே, இவர் வேலைக்குப் போறாரு. கூடப் போங்க."

அவ்வளவுதான். கருணாகரன் ஆமென் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வளைவில் மறையும் வரை இவர் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நமக்கும் ஜெபிச்சுக்கலாமா, ஷைனா?" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.