உன்னோடு தினமும் ஓடும் முயல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவின் முழங்கால் பாதி நலம், வாய் முழு நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, எனக்கே தெரியும், அதுதான் இப்போது கவலை. போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் பேனாவை எடுத்தேன்.

விடியுமுன் நீ ஓடுகிற வழியைக் கோடு போட்டுக் காட்டுகிறதே ஒரு ஆப், அதை எங்கள் டிப்போ மெக்கானிக் என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். அப்பா என்று வந்தால் உனக்குக் கூச்சமாக இருக்குமே என்று முயல் படம் ஒட்டி, பேரும் முயல் என்றே வைத்துக்கொண்டேன். கேட்டதும் சேர்த்துக்கொண்டாய், யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து உன் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸின் சாவியைத் திருகுவேன். பேக்கரி முனையில் நீ ஒடித்துத் திரும்புவது, பூங்காவைச் சுற்றுவது, மேட்டில் திணறுவது எல்லாம் அத்துப்படி. "உன் மக கியர் மாத்தாம மேடேறுறா" என்று அம்மாவிடம் சொன்னால் "அது என்ன வண்டியா, பெத்த புள்ள" என்று கரண்டியோடு வருவாள்.

போன வாரம் விளையாட்டாக, விளக்கில்லாத அந்தச் சந்தில் தனியாகவா ஓடுகிறீர்கள் என்று முயல் கேட்டது. நீ உடனே, ஆமாம் தனியாகத்தான், அந்நேரம் அங்கே ஈ காக்கை இருக்காது, அதைத் தாண்டினால் என் வீடுதான் என்று எழுதி, சிரிக்கிற பொம்மையையும் ஒட்டினாய். பெற்ற அப்பன் அனுப்புகிற செய்திக்கு ஒரு கட்டைவிரல் படத்தோடு சரி, முகம் தெரியாத முயலுக்கு மூன்று வரி! முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது. கேட்டது நானாக இல்லாமல் இருந்தால்? கோடு உன் வாசலில் தொடங்கி உன் வாசலிலேயே முடிகிறது, ஒருவன் உன்னைத் தேடி அலைய வேண்டாம், சந்தில் நின்றால் போதும். பயந்துவிட்டேன் மகளே. பஸ்ஸைத் தாமதமாக எடுத்து டைம் கீப்பரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் அந்தக் கோட்டை யார் கண்ணிலும் படாமல் மூடு. தெரியாதவர்களை எல்லாம் நீக்கு, முதலில் முயலை. அப்பாதானே என்று தயவு பார்க்காதே, கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். சந்தை விட்டுக் கடைத்தெரு வழியாகத் திரும்பு, கொஞ்சம் சுற்றுதான், பெட்ரோலா செலவாகப் போகிறது?

உன் கோடு இல்லாத காலையை எப்படித் தள்ளுவேன் என்று தெரியவில்லை, எழுதும்போதே கண் கலங்குகிறது. பரவாயில்லை. வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டியதும் ஒரு போன் போடு. பேசக்கூட வேண்டாம், நீ மூச்சு வாங்குவது கேட்டால் போதும்.

நோய்நொடியில்லாமல், கால் தடுக்காமல் நெடுநாள் ஓடு. அம்மாவின் ஆசியும் இதில் அடக்கம். போன் போட மறந்துவிடாதே, பஸ் நிறைய ஆட்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வண்டியை எடுக்காமல் காத்திருக்கும்
உன் அப்பா