நேற்று அனுப்பியதைக் கிழித்துவிடுங்கள்

அன்புள்ள மைக்,

நான் நலம். நீயும் நலம் என்று உன் ஒற்றைச் சொல் பதில்கள் சொல்கின்றன. நான் பத்தி பத்தியாகச் செய்தி அனுப்பினால் நீ "நலம்" என்று மட்டும் தட்டிவிட்டுப் போய்விடுகிறாய். ஒலிபெருக்கி இல்லாமலே நம் மருத்துவக் கல்லூரி விடுதியின் எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்புச் சொன்னதால்தானே உனக்கு இந்தப் பெயரே வந்தது? அந்த வாய்க்கு என்ன ஆயிற்று? போன் செய்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

போன வாரம் சுகாதாரத் துறையில் ஊர் டாக்டர்களுக்கெல்லாம் ஒரு கூட்டம். புதிதாக ஏதோ காய்ச்சல் தலைகாட்டுகிறதாம். பயப்பட ஒன்றுமில்லையாம், ஆனாலும் இனி வாராவாரம் எங்களுக்குத் தகவல் வருமாம். சுகாதார அதிகாரியாக உன் நாற்காலியில் இப்போது இருப்பவர் நல்ல மனிதர்தான். குரல்தான் முன்வரிசையைத் தாண்டவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பல் டாக்டர் பக்கத்தில் வந்தார். அந்த நாட்களில் உன்னோடு தினமும் மல்லுக்கு நிற்பாரே, அவரேதான். "என்ன இருந்தாலும் அந்தம்மா சுற்றறிக்கை மாதிரி வராதுங்க. படிச்சா திட்டு வாங்கின மாதிரியும் இருக்கும், தைரியம் வந்த மாதிரியும் இருக்கும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

அந்தத் தொற்றுக் காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் உன்னிடம் சொல்லலாம். ஏங்கத்தான் செய்கிறேன். கிளினிக்கில் நானும் நெட்டையும் எதிரெதிர் அறைகளில் இருப்போம். மதியம் கூட்டம் சற்று ஓய்ந்ததும் உன் சுற்றறிக்கை வரும். "நேற்று அனுப்பியதைக் கிழித்துவிடுங்கள். இன்று தெரிந்தது இது" என்றுதான் பல நாள் ஆரம்பிக்கும். பெரிய இடங்களில் எல்லாரும் மழுப்பிக்கொண்டிருந்தபோது, நேற்று சொன்னது தப்பு என்று கையெழுத்துப் போட்டு எழுதியவள் நீ ஒருத்திதான். நெட்டை அதை நாற்காலி மேல் ஏறி நின்று உன் குரலில் வாசிப்பான். நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். (எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்காக அவனை "அவர்" என்று சொல்லப் பழகினேன். நாம் மூன்று பேரும் ஒரே வகுப்பு. உன்னிடம் அவன் எப்போதும் அவன்தான்.)

சாமான்களைத் துடைத்துத் துடைத்துக் கை வெந்துபோயிருந்த சமயத்தில், துடைப்பதைவிட ஜன்னலைத் திறப்பது முக்கியம் என்று எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கிளினிக் ஜன்னல் பெயின்ட் பூசிப் பூசிச் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. நெட்டை கீழே செருப்புத் தைப்பவரிடம் உளி வாங்கிவந்து, கவச உடையோடு வியர்த்து வழிய அதோடு மல்லுக்கட்டினான். வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் படாரென்று திறந்தபோது இருமிக்கொண்டே கைதட்டினார்கள். எத்தனையோ வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஒரு மரம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் நீ எல்லா டாக்டர்களையும் ஒரே போன் அழைப்பில் கூட்டுவாய். ஒருவர் வீட்டில் குக்கர் விசில், ஒருவர் வீட்டில் நாய். நீ தொண்டை கிழிய "மைக்கை அணைங்க! எல்லாரும் மைக்கை அணைங்க!" என்று கத்துவாய். நெட்டை என் காதில், "தன்னைத்தானே அணைக்கச் சொல்றா பாரு" என்பான். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாது. உள்ளே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கடைசியில் நீ குரலை இறக்கி, "எல்லாரும் இருக்கீங்கல்ல?" என்று கேட்பாய். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்போம். அதற்காகவே அந்த அழைப்பில் காத்திருந்தவர்கள் உண்டு.

ரொட்டிக்கடை அம்மா நன்றாக இருக்கிறார்கள். நோயாளி நன்றாகப் பேசுகிறாரே என்று ஏமாறாதீர்கள், கொஞ்சம் நடக்கவிட்டு மறுபடியும் விரலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை போடுகிற ஆளுக்கு என்ன வந்துவிடும் என்று வீட்டுக்கு அனுப்ப இருந்தேன். நீ எழுதியது ஞாபகம் வந்து நடைபாதையில் நடக்கவிட்டேன். திரும்பி வருவதற்குள் அளவு சரிந்துவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போதும் ரொட்டி வாங்கப் போனால், என்னை நடக்கவிட்டுக் கொல்லப் பார்த்தவள் நீதானே என்று திட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டில் பாதி உனக்குச் சேர வேண்டியது.

இனி சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே.

மருந்துக் கடையில் உன் தங்கையைப் பார்த்தேன். நீ ஏன் வேலையை விட்டாய், ஏன் சொல்லாமல் கொள்ளாமல் மகன் வீட்டோடு போய்விட்டாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் அழுதுவிட்டாள். "அக்காவால உங்க முகத்தைப் பார்க்க முடியலை. முழுக் கவசம் வேண்டாம், முகக்கவசமே போதும்னு அவ எழுதினா. ரெண்டு நாள்ல அதை மாத்தினா. அந்த நடுவுலதான் உங்க வீட்டுக்காரருக்குத் தொத்துச்சுன்னு அவளா கணக்குப் போட்டு வெச்சிருக்கா" என்றாள். வாங்க வந்த மருந்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். இத்தனை நாளும் நீ இதையா சுமந்துகொண்டிருந்தாய்? அவன் போனதை உன்னால் தாங்க முடியவில்லை, அதனால் ஒதுங்கி இருக்கிறாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கேள். அந்தச் சுற்றறிக்கை வந்தபோது அவன் அதை நாற்காலி மேல் ஏறி வாசிக்கவில்லை. மெதுவாக இன்னொரு தடவை படித்துப் பார்த்தான். பிறகு, "இதை மைக் மனசில்லாமத்தான் எழுதியிருக்கா. கவசம் கையிருப்பு இல்லை போல, மேலேயிருந்து எழுத வெச்சிருக்காங்க. அவ குரலே இதுல இல்லை. நாம கழட்ட வேணாம்" என்றான். நாங்கள் கழற்றவில்லை. இருந்த கவசங்களைக் காயவைத்துக் காயவைத்துப் போட்டோம். அந்த இரண்டு நாளும் அவன் தலையிலிருந்து கால்வரை மூடித்தான் இருந்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

நீ அதை மாற்றிய பிறகு, அதே வாரம்தான் தையல்காரர் வந்தார். அவருக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். எழுதப் படிக்கவும் தெரியாது. அவருக்கும் காய்ச்சல், இருமல். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து இவன் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியவில்லை. கையால் ஜாடை காட்டினால் செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக் கதறத் தொடங்கிவிட்டாராம். நெட்டை கவசத்தை இறக்கி, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "உங்க வீட்டுக்காரம்மா பிழைச்சுட்டாங்க. கஞ்சி குடிச்சாங்களாம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னானாம். வாசலில் நின்ற நர்ஸ் ஐயோ டாக்டர் என்று கத்தியிருக்கிறாள். அவன் கவசத்தை ஏற்றிக்கொண்டு, "குட்டைகிட்ட சொல்லிடாதே, கொன்னுடுவா" என்றானாம். அவளும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் என் மடியில் விழுந்து அழுதுகொண்டே சொன்னாள்.

அங்கேதான் தொற்றியது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. நாள் முழுக்க இருமல்களுக்கு நடுவில் இருந்தோம். நீயும் டாக்டர், உனக்கும் இது தெரியும். ஆனால் உன் சுற்றறிக்கையால் இல்லை. எந்தக் காரணத்துக்கும் கவசத்தை இறக்காதீர்கள் என்று நீ ஆரம்பத்திலேயே எழுதியிருந்தாய். அவன் தெரிந்தே செய்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது தீராது. ஆனால் அந்த இடத்தில் வேறு மாதிரி செய்கிறவனாக இருந்திருந்தால், நான் அவனைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

தையல்காரருக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். மனைவியோடு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். "பெரிய டாக்டர் பேச்சுதான் எனக்கு நல்லாக் கேட்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

இன்னொரு விஷயம். அடுத்த மாதம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். சாதாரணப் புரைதான், கவலைப்படாதே. சில நாள் கூடவே இருந்து கண்ணில் சொட்டு மருந்து விட ஒரு ஆள் வேண்டும். மகள் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நின்றாள். வேண்டாம், மைக் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், அத்தை வந்தால் எனக்கு நிம்மதி என்றாள். உள் அறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று. என்னை என் பெண்ணிடம் பொய் சொன்னவளாக்கிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். பதில் எழுத வேண்டாம், ரயில் ஏறு.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
குட்டை